இன்சுலின் ஊசி போடக் கற்றுத்தர: ஹால் டிவியா, செல்போன் வீடியோவா, நர்ஸா?

புதிதாக இன்சுலின் தொடங்குகிறவருக்கு ஊசி போடக் கற்றுத்தர மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. காத்திருக்கும் ஹாலில் ஓடும் டிவி, செல்போனுக்கு அனுப்பும் வீடியோ, நர்ஸ் நேரில் செய்துகாட்டுவது.

ஹால் டிவியை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். டோக்கன் நம்பரை எப்போது கூப்பிடுவார்களோ என்று காது அங்கேதான் இருக்கும். ‘காலைத் தினமும் பாருங்கள்’ மாதிரிச் சேதிக்கு அது போதும், கைவேலை கற்க உதவாது.

செல்போன் வீடியோவை வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஊசி போடப்போகிற மருமகளும் பார்க்கலாம். ஆனால் யார் எடுத்த வீடியோ? வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட் மருந்து, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். நம் ஊர் பாட்டில்கள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி. வீடியோவைப் பார்த்து ஆரஞ்சு மூடி வாங்கி, 40 பாட்டிலிலிருந்து 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சுகர் இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டுவார்கள். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வந்தால் லோ சுகர். மாற்றிச் செய்தால் இன்னும் மோசம்: 100 மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட்.

நர்ஸுக்கு வீடியோவிடம் இல்லாத ஒன்று உண்டு: அவர் நோயாளியின் கையைப் பார்க்கிறார். கலங்கல் இன்சுலினைப் போட்டுக் குலுக்குவது (உள்ளங்கைகளுக்கு நடுவே 10 தரம் உருட்டி, 10 தரம் தலைகீழாகக் கவிழ்த்தால் போதும்), இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசியில்) முதலில் 2 யூனிட் வெளியே தள்ளிச் சொட்டு வருகிறதா என்று பார்க்காதது, அழுத்தியதும் 10 எண்ணாமல் ஊசியை உருவுவது, வலிக்காத ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோல் தடித்துப்போவது எல்லாம் நேரில்தான் பிடிபடும். குறை, நேரம். ஓபி கூட்டத்தில் ஆளுக்கு 5 நிமிடம் கிடைத்தாலே பெரிது. சொன்னதில் பாதி வீடு போய்ச் சேருவதற்குள் மறந்துபோகும்.

ஆகவே எங்கள் தேர்வு, அந்தந்த கிளினிக் தன் மருந்தகத்தில் கொடுக்கும் அதே பாட்டில், அதே சிரிஞ்சை வைத்துத் தானே எடுத்த வீடியோ, கூடவே நர்ஸ். தலா ஒன்றரை நிமிடத்துக்குள் மூன்று துண்டுகள்: மருந்து இழுப்பது, குத்துவது, லோ சுகர் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து 15 நிமிடத்தில் மறுபடி சுகர் பார்ப்பது. கேமராவை எதிரே வைக்காமல் தோளுக்கு மேலிருந்து எடுங்கள்; இல்லாவிட்டால் இடது வலது குழம்பும். வாட்ஸ்அப்பில் போகும்போது படம் மங்கும், எனவே சிரிஞ்சின் கோடுகள் திரையை நிறைக்கட்டும்.

ஒரு துண்டைக் காட்டி நிறுத்தி, வெறும் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுங்கள்: “நீங்க 20 இழுங்கம்மா, பாப்போம்.” “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கை சரியாக வந்தபிறகே வீடியோவை அனுப்ப வேண்டும்.

ஃபார்வர்டு ஆகிப் பரவியதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் ‘40 யூனிட் பாட்டிலுக்கு மட்டும், சிவப்பு மூடி’ என்ற எழுத்து தொடக்கம் முதல் கடைசிவரை திரை மூலையில் நிற்கட்டும்.