/வார்-ஐத் தனிக்குடித்தனம் வைத்து நான்கு வருஷம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நண்பர் ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார். அவருடைய டெபியன் லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பில் போடும் மென்பொருள், அதற்கான மரியாடிபி டேட்டாபேஸ், டிசைன் ஃபைல்களை மற்ற கணினிகளோடு பகிரச் சாம்பா, எல்லாம் அந்த ஒரே பெட்டியில். அப்போது ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி) மொத்தமே 30 ஜிபி, அதில் 22 ஜிபியை, லாக், கேஷ், டேட்டாபேஸ் எல்லாம் சேரும் /வார் (/var) ஃபோல்டர் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. தீபாவளி ஆர்டர் குவிந்த வாரத்தில் ரூட் நிரம்பிவிட்டது. "அண்ணே, பில் வரலண்ணே" என்று கவுண்டர் தம்பி போன் செய்தபோது, கடையில் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கருவி) இறக்கி வைத்திருந்த கேஷையும் பழைய லாகுகளையும் துடைத்து அப்போதைக்குச் சமாளித்தோம்.

அப்புறம் தைப்பூசத்துக்குக் கடையை அடைத்து எல்லாரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போன நாளில் புது எஸ்எஸ்டி போட்டு, எல்விஎம் (டிஸ்க்கை, பிறகும் அளவு கூட்டக்கூடிய வால்யூம்களாகப் பிரிக்கும் முறை) அமைத்து, /வார்-க்கு 80 ஜிபி ஒதுக்கினேன். மீதியை வேண்டுமென்றே யாருக்கும் கொடுக்காமல் காலியாக விட்டேன், இரண்டு வருஷம் கழித்து சர்வரை நிறுத்தாமலே 40 ஜிபி கூட்ட முடிந்தது அதனால்தான். பழைய /வார்-ஐ நகலெடுக்க முந்தின இரவே ஆர்சிங்க் ஒரு முறை ஓட்டிவிட்டு, காலையில் ரெஸ்க்யூ மோடுக்கு (டேட்டாபேஸ் போன்றவை ஓடாத நிலை) போய் இரண்டாவது முறை ஓட்டினேன். ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிகள்), எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் (ஃபைலோடு ஒட்டிய கூடுதல் தகவல்) மூன்றும் சேர்ந்து வரும்படி ஆப்ஷன் கொடுக்க வேண்டும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

எதை எங்கே மவுண்ட் செய்வது (இணைப்பது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி (வால்யூமின் தனி அடையாளம்) போட்டேன். நோஃபெயில் ஆப்ஷன் போடவில்லை. அதைப் போட்டால், என்றைக்காவது மவுண்ட் ஆகாமல் போனாலும் சர்வர் பாட்டுக்கு எழுந்து ரூட்டில் இருக்கும் பழைய /வார்-இலேயே எழுத ஆரம்பித்துவிடும். அதைவிட எமர்ஜென்சி மோடில் நிற்பது எவ்வளவோ மேல்.

முதல் பிரச்சினை மறுவாரமே வந்தது. பாதுகாப்புக்கு நல்லது என்று நோஎக்ஸெக் (அங்கிருந்து எந்த நிரலையும் நேரடியாக ஓட்டவிடாத ஆப்ஷன்) போட்டிருந்தேன், அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. பேக்கேஜ்களின் நிறுவல் ஸ்கிரிப்டுகள் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ-வில் இருந்துதான் ஓடுகின்றன, அவற்றுக்கு அனுமதி இல்லாமல் போனது. நோஎக்ஸெக்கை மட்டும் எடுத்தேன். கூடவே போட்டிருந்த நோசூயிட் (நிரல் வேறு பயனரின் அதிகாரத்தில் ஓடவிடாது), நோடெவ் (டிவைஸ் ஃபைல்களை ஏற்காது) இரண்டும் இன்றுவரை தொந்தரவு தரவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்ததுதான் என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது. நிரம்பிய இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைக் கேட்டால் ரூட் 90 சதவீதத்துக்கு மேல் என்றது. ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ-வை ரூட்டுக்குள் மட்டும் எண்ணச் சொன்னால் 8 ஜிபிகூட வரவில்லை. அழித்த ஃபைலை ஏதாவது ப்ராசஸ் பிடித்து வைத்திருக்கிறதா என்று எல்சாஃப் போட்டுப் பார்த்தேன், இல்லை. சரி என்று ரூட்டை வேறொரு இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து (அதையே இன்னொரு பாதையிலும் தெரியும்படி செய்து) உள்ளே போனால், பழைய /வார் அப்படியே இருக்கிறது! ஏதாவது ஆனால் திரும்ப வேண்டுமே என்று அதை அழிக்காமல் அதன்மேலேயே புதியதை மவுண்ட் செய்திருந்தேன், பிறகு மறந்தே போனது. மேலே ஒன்று மவுண்ட் ஆகியிருந்தால் அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடத்தை விடாது. இப்போது செய்வதாக இருந்தால் பழையதை /வார்.ஓல்ட் என்று பெயர் மாற்றி வைத்துவிட்டு, காலியான /வார் ஒன்றை உருவாக்கி அதில் மவுண்ட் செய்வேன்.

போன வருஷம்தான் உண்மையான சோதனை. பில் மென்பொருள் ஒரே இரவில் டீபக் (பிழை தேடுவதற்கான) லாக் எழுதித் தள்ளி /வார் 100 சதவீதம் ஆகிவிட்டது. ரூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டில் இருந்தே எஸ்எஸ்எச்சில் நுழைந்து சுத்தம் செய்தேன். ஆனால் மரியாடிபி நின்றுவிட்டது, அதன் டேட்டாவும் /வார்/லிப்-இல்தானே இருக்கிறது. /வார்-ஐ மட்டும் பிரித்தால் ரூட் தப்பிக்கும், டேட்டாபேஸ் தப்பிக்காது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே /வார்/லாக்-க்கு 10 ஜிபியில் தனி வால்யூம் போட்டேன். சிஸ்டத்தின் சொந்த லாகான ஜர்னல் தானாகவே ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதத்துக்குள் நின்றுகொள்ளும், அதனால் அது 1 ஜிபியைத் தாண்டுவதில்லை. மற்ற லாகுகளுக்கு, பழையதைச் சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட்டில் அளவு வரம்பு வைத்தேன்.

மென்பொருள்கள் இருக்கும் /யூஎஸ்ஆர்-ஐயும் பிரிக்கலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். டெபியன் 12-இல் /பின் என்பதே /யூஎஸ்ஆர்/பின்-க்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) தான், அதைப் பிரித்து அந்த அச்சகத்துக்கு ஒரு லாபமும் இல்லை. அடுத்த தைப்பூசத்துக்குக் கடை மூடும்போது மரியாடிபியின் டேட்டா இருக்கும் /வார்/லிப்/மைஎஸ்கியூஎல்-ஐத் தனி வால்யூமுக்கு மாற்றப் போகிறேன், அதற்கான இடம் எல்விஎம்மில் இன்னும் காலியாகவே இருக்கிறது.