ஜட்ஜா, மெஷினா? இருவர் கையால் மீட்க எந்த மசில் கார் தோது

கணவனும் மனைவியுமாக வார இறுதிகளில் பெரிய எஞ்சின் வைத்த அபூர்வமான அமெரிக்க மசில் கார் ஒன்றைப் பிரித்து மறுபடி கட்டத் துணிந்தால், எங்கள் பரிந்துரை 1969 பான்டியாக் ஜி.டி.ஓ. ஜட்ஜ். நாங்கள் எடுத்ததும் அதுதான். அதற்குப் போட்டியாகக் கடைசிவரை நின்றது 1970 ஏ.எம்.சி. ரெபெல் மெஷின். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ஜட்ஜ் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறோம்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஜட்ஜில் வரும் ரேம் ஏர் III எஞ்சின் 366 குதிரைத்திறன், மெஷினின் 390 கன அங்குல எஞ்சின் 340. சாலையில் இரண்டுமே போதும் போதும் என்கிற அளவுக்குப் பாயும். அபூர்வம்தான் முக்கியம் என்றால் மெஷின் ஜெயிக்கும். ஜட்ஜ் 1969இல் 6,833 வண்டிகள் வந்தன, மெஷின் மொத்தமே 2,326. பியூக் ஜி.எஸ்.எக்ஸ். இன்னும் அரிது, 1970இல் 678தான். ஆனால் இருவர் சேமிப்பில் தொடங்கும் வேலைக்கு அதன் விலை எட்டாது. மெஷின் பொதுவாக ஜட்ஜைவிட மலிவாகக் கிடைக்கும். வாங்கும் நாளில் அது பெரிய ஆறுதல். வேலை தொடங்கிய பிறகு அந்த ஆறுதல் எவ்வளவு தாங்கும் என்பதைத் தகடுதான் தீர்மானிக்கிறது.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டியில் எஞ்சினை மீட்பது தெரிந்த வேலை. எஞ்சின் கடையும் பட்டறையில் கொடுத்தால் முடியும். துருப்பிடித்த பாடி அப்படி இல்லை, வெட்டி எறிந்த இடத்தில் வைக்கப் புதுத் தகடு வேண்டும். ஜி.டி.ஓ.வுக்குத் தரைத் தகடு, டிக்கித் தரை, பின் சக்கரத்தின் மேல் வரும் பக்கத் தகடான குவார்ட்டர் பேனல், முன் பெண்டர், பின் கண்ணாடிக்கும் டிக்கிக்கும் நடுவே வரும் தகடு எல்லாம் மறுதயாரிப்பாகவே கிடைக்கின்றன. அதே ஆண்டு பான்டியாக்கின் லீமான்ஸ், டெம்பெஸ்ட் வண்டிகளிலிருந்தும் நிறைய பாகங்கள் பொருந்தும். பட்டியல் போட்டு ஆர்டர் கொடுத்து, வந்ததை வைத்து வெல்டிங் செய்யலாம்.

மெஷினுக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டிருக்கிறது. ரெபெல் என்ற பெயரே 1970ஓடு முடிந்தது. அடுத்த ஆண்டு மேட்டடார் ஆகிவிட்டது. இதில் இன்னொரு சிக்கல், 1970 ஹார்ட்டாப்பின் (நடுத் தூண் இல்லாத இரண்டு கதவு வண்டி) பின்பக்கம் அந்த ஆண்டு மாற்றி வடிவமைக்கப்பட்டது. ஆகவே 1967 முதல் 1969 வரையான ரெபெலை உடைத்து எடுத்த குவார்ட்டர் பேனல் இதில் உட்காராது. துருப்பிடிக்காத 1970 இரண்டு கதவு ரெபெல் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைக் காவு கொடுத்துத்தான் இதைக் காப்பாற்ற முடியும். பானட் மேலிருக்கும் காற்று வாயும் அதற்குள் பதித்த, எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரும் மெஷினுக்கு மட்டுமே உரியவை. அவை இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

இருவராகச் செய்யும் வேலையில் இது இன்னும் கனக்கிறது. ஒரு பாகத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தால் ஷெட் அடைபட்டுக் கிடக்கும், செலவுக் கணக்கு கலையும், பிரித்த போல்ட் எங்கே போனது என்பதும் மறந்துபோகும். வேலை நகர்ந்துகொண்டிருந்தால்தான் இரண்டு பேருக்கும் பிடிப்பு விடாது.

கட்டமைப்பும் வேறு. ஜட்ஜ் தனி பிரேம் மேல் பாடி உட்காரும் வண்டி. பாடியைக் கழற்றித் தூக்கினால் பிரேம், பிரேக் குழாய், சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கு எட்டும். மெஷின் யூனிபாடி, அதாவது பாடியும் பிரேமும் ஒரே கூடு. பிரேம் ரெயில் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போனது போல. ஜிக் என்ற பிடிசட்டத்தில் பூட்டி அளவு பார்த்து வெல்டிங் செய்யும் அனுபவம் இல்லாதவர்கள் அதில் கை வைக்கக் கூடாது.

பாடியைத் தூக்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே, அதைப் பிரேமோடு பிணைக்கும் மவுண்ட் போல்ட்களில் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவையுங்கள். பாடிக்குள் கூட்டில் அடைத்த நட்கள் உண்டு. அவசரப்பட்டுத் திருகினால் கூடு கிழிந்து நட் சுற்ற ஆரம்பிக்கும், பிறகு தரைத் தகட்டில் ஓட்டை வெட்டித்தான் பிடிக்க வேண்டும். தரையை வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே ஓர் அங்குலச் சதுரக் குழாயை வெல்டிங் வைத்து இறுக்குங்கள். இதைச் செய்யாத வண்டிகளில் பாடி வளைந்து, கடைசியில் கதவு சாத்தாது.

இரண்டாவது ஆள் எவ்வளவு தேவை என்பது கதவு மாட்டும்போது தெரியும். இரண்டு கதவு வண்டியின் கதவு நீளம், கனமும் அதிகம். பஞ்சுத் துணி சுற்றிய ஜாக்கி மேல் கதவை ஒருவர் தாங்க, மற்றவர் கீல் போல்ட்டை இறுக்க வேண்டும். பாடி புது புஷ்களோடு பிரேமில் உட்கார்ந்த பிறகுதான் இடைவெளி பார்க்க வேண்டும். முதலில் கதவைக் குவார்ட்டர் பேனலுக்குச் சரிசெய்து, பிறகு பெண்டரைக் கதவுக்கு, கடைசியில் பானட். சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர் சீராக வந்தால் நல்ல வேலை. பெயின்ட்டுக்குப் பிறகு இதைச் செய்யப்போனால் ஓரம் பெயர்ந்துவிடும்.

ஜட்ஜின் முன் பம்பர் பாடி நிறத்திலேயே வரும் எண்டுரா. வளையும் தன்மையுள்ளது. சாதாரண பட்டி பூசினால் சில மாதத்தில் வெடிக்கும். வளையும் பட்டியும், பெயின்ட்டில் கலக்கும் வளைவுச் சேர்க்கையும் வாங்குங்கள். வாங்கும்போதே பார்க்க வேண்டிய இடம் பின் கண்ணாடியின் கீழ்ச் சட்டம். அங்கே துரு ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக டிக்கித் தரைக்கு இறங்கும். வினைல் கூரை போட்ட வண்டி என்றால் இருமடங்கு சந்தேகப்படுங்கள்.

பான்டியாக் எஞ்சினுக்கும் அதற்கே உரிய நோய்கள் உண்டு. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுற்றும் பழைய கியரின் பற்கள் நைலான். வயதாகி உடைந்தால் துணுக்குகள் ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையை அடைக்கும். எஞ்சின் ஓடுகிறது என்று சொல்லி விற்றாலும் அந்தக் கியரை மாற்றாமல் ஓட்டாதீர்கள். கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் மெயின் சீல் கயிறு வகை, சரியாக அழுத்தி உட்கார வைக்காவிட்டால் கசியும். ஹெட் போல்ட் 95 அடி-பவுண்டு, கிராங்க் தண்டைப் பிடிக்கும் மெயின் கேப் 100, கடைசிப் பின் மெயின் மட்டும் 120. ரேம் ஏர் III-இன் சுருக்க விகிதம் 10.75. இன்றைய பங்க் பெட்ரோலில் தட்டும். மறுகட்டும்போது பிஸ்டனை மாற்றி 9.5 பக்கம் இறக்குவதே நாங்கள் சொல்லும் வழி. ரேம் ஏர் IV-இல் எங்கள் அனுபவம் குறைவு, அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மெஷினின் 390-ஐக் குறை சொல்ல மனமில்லை, நல்ல எஞ்சின். ஆனால் ஆயில் பம்ப் கியர்கள் டைமிங் கவரின் அலுமினியக் குழிக்குள்ளேயே சுற்றுகின்றன. அழுக்கு புகுந்து குழி கீறினால் அழுத்தம் விழும், கவரையே மாற்ற வேண்டும். பொருத்தும்போது கியர்களைச் சுற்றி வாஸ்லின் அடைத்துவிட்டால் முதல் ஸ்டார்ட்டில் எண்ணெய் உடனே பிடிக்கும். மாற்று எஞ்சின் தேடுபவர்கள் 1968, 69 ஆண்டுகளின் 390-ஐ எடுக்காதீர்கள். 1970இல் பிளாக்கின் உயரமும் ஹெட் போல்ட் அளவும் மாறிவிட்டன. பின் அச்சில் ஹப் தனித் துண்டு, கீ வைத்துக் கூம்பில் இறுகுவது. நட்டை 250 அடி-பவுண்டுக்கு இறுக்காவிட்டால் கீ நசுங்கி ஹப் வழுக்கும். ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றவர் இறுக்குங்கள்.

எந்த எஞ்சினானாலும், புது கேம் போட்ட முதல் ஸ்டார்ட்டில் இருவரும் ஷெட்டில் இருக்க வேண்டும். துத்தநாகம் சேர்ந்த ஆயில் ஊற்றி, உடனே 2,000 முதல் 2,500 சுற்றுக்கு ஏற்றி, 20 நிமிடம் அங்கேயே மேலும் கீழுமாக வைத்திருக்க வேண்டும். ஒருவர் கண் ஆயில் அழுத்தத்திலும் வெப்பமானியிலும் இருக்க, மற்றவர் கசிவைப் பார்ப்பார். ஐடிலில் விட்டால் கேம் தேய்ந்துபோகும்.

கூரையும் குவார்ட்டர் பேனலும் சேரும் இடத்தில் தொழிற்சாலையே ஈயம் வைத்து அடைத்திருக்கும். அதைக் கிரைண்டரில் பொடியாக்காதீர்கள், உருக்கி எடுங்கள். உடையைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ இந்த வேலையை வெளியே கொடுத்துவிடுவதே சரி. இரட்டைக் கலவை பெயின்ட்டை வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் அடிக்கவே கூடாது.

விற்கும் நாள் வந்தால் ஜட்ஜுக்குக் காகிதமும் துணை நிற்கும். வண்டி எண் ஜி.டி.ஓ. என்று மட்டுமே சொல்லும், ஜட்ஜ் என்று சொல்லாது. இறக்கையும் ஸ்டிக்கரும் யாரும் ஒட்டலாம் என்பதால் போலிகள் ஏராளம். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தரும் தொழிற்சாலை பில் நகலில் ஜட்ஜுக்கான குறியீடு இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். பிளாக்கின் முன்முகத்தில் 4 ஸ்பீடு மேனுவல் ரேம் ஏர் III என்றால் டபிள்யூ.எஸ்., ஆட்டோமேட்டிக் என்றால் ஒய்.இஸட். எழுத்துகள் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் மெஷின் மேலேயே நின்றால், முழுமையான வண்டியாக, காற்று வாயும் டாக்கோமீட்டரும் சேர்ந்ததாக எடுங்கள். காகிதத்தில் சுற்றிய காந்தத்தைக் குவார்ட்டர் பேனலின் அடியோரம் நெடுக வைத்து, பட்டி எங்கே தடித்திருக்கிறது என்று பாருங்கள். உடைப்பதற்கென்று இன்னொரு 1970 ரெபெல் ஹார்ட்டாப்பை நிறுத்த ஷெட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.