கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு: முழு இணைப்புள்ள ஆர்.வி. திடல்களில் எதைத் தேர்வது?

அரிசோனாவின் கிராண்ட் கேன்யனுக்கு ஆர்.வி.யில், அதாவது படுக்கை, சமையலறை வசதிகளோடு கூடிய பயண வண்டியில், போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் தேடுவது 'ஃபுல் ஹூக்கப்' உள்ள இடத்தைத்தான். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் வண்டி நிற்கும் இடத்திலேயே கிடைத்துவிட்டால், தொட்டி நிரம்பிவிடுமோ, பேட்டரி இறங்கிவிடுமோ என்ற கவலையின்றி இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் தெற்கு விளிம்புக்குப் போகிறவர்கள் வழக்கமாக எடைபோட்டுப் பார்க்கும் மூன்று திடல்களிலும் இந்த மூன்று இணைப்புகளும் உண்டு; ஆகவே இணைப்புகளை மட்டும் வைத்து அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. சூரிய உதயத்தின்போது விளிம்பில் நிற்க வேண்டுமானால் எத்தனை மணிக்கு எழ வேண்டும், அதற்காக வண்டியின் குழாய்களைக் கழற்ற வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளே தேர்வைத் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து.

அந்த மூன்று இடங்கள் இவை. முதலாவது, தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே, கிராண்ட் கேன்யன் வில்லேஜில் இருக்கும் டிரெய்லர் வில்லேஜ். அங்கிருந்து விளிம்பு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர், நடந்தே போய்விடலாம். இரண்டாவது, பூங்காவின் தெற்கு நுழைவாயிலுக்குச் சற்று வெளியே டூசயான் என்ற சிற்றூரில் தனியார் நடத்தும் கிராண்ட் கேன்யன் கேம்ப்பர் வில்லேஜ். விளிம்புக்குச் சுமார் 11 கிலோமீட்டர். மூன்றாவது, தெற்கே ஏறத்தாழ 95 கிலோமீட்டர் தள்ளி, இன்டர்ஸ்டேட் 40 நெடுஞ்சாலையை ஒட்டிய வில்லியம்ஸ் ஊரில், பழைய ரயில் நிலையத்தின் அருகே இருக்கும் கிராண்ட் கேன்யன் ரயில்வே ஆர்.வி. பார்க். வடக்கு விளிம்பை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அங்கே பூங்காவுக்குள் இணைப்புள்ள திடலே கிடையாது. குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடக்கும் பகுதி அது. போதாக்குறைக்கு 2025 ஜூலையில் டிராகன் பிராவோ காட்டுத்தீயில் அங்கிருந்த புகழ்பெற்ற விடுதியும் எரிந்துபோனது.

முதலில் மின்சாரத்தைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் பலரும் இதில்தான் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 30 ஆம்ப் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். 50 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு இருப்பதால் மொத்தம் 12,000 வாட் கிடைக்கும். வாடகைக்குக் கிடைக்கும் 25 அடி, 30 அடி மோட்டார்ஹோம்களில் (தானே ஓடும் ஆர்.வி.க்களில்) பெரும்பாலானவை 30 ஆம்ப் வண்டிகளே. தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையில்கூட இரவு குளிராகவே இருக்கும், ஏ.சி.யை நாள் முழுவதும் ஓட்ட வேண்டிய ஊர் இதுவன்று. கூரையில் இரண்டு ஏ.சி. வைத்த பெரிய வண்டி இல்லாதவர்கள் 50 ஆம்ப் இடம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. நம் வீட்டுச் சமையலுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் 1,500 வாட் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். குளிரில் டார்ச்சோடு வெளியே போய் அதை மீண்டும் தூக்கிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. இன்னொன்று, இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு வேகவே வேகாதது போலத் தோன்றும். பிரஷர் குக்கரை மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

தண்ணீர் இணைப்பிலும் மூன்று இடங்களுக்கும் குளிர் பொதுவானது. வில்லியம்ஸும் 2,000 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. தொலைவில் இருக்கிறதே, கொஞ்சம் வெப்பமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இரவில் உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். தரையில் கிடக்கும் ரப்பர் குழாய் இரவோடு இரவாக உறைந்துவிடும். ஆகவே மாலையில் வண்டியின் உள்தொட்டியை நிரப்பிக்கொண்டு, குழாயைக் கழற்றி, நீரை வடித்துச் சுருட்டி வைத்துவிடுவதே வழக்கம். அப்படிப் பார்த்தால், ஆண்டில் பாதி நாட்களுக்கு இரவு நேரத்தில் 'முழு இணைப்பு' என்பதில் உண்மையில் பயன்படுவது மின்சாரம் ஒன்றுதான்.

இனி தேர்வைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருவோம். கிராண்ட் கேன்யனில் நண்பகல் வெயிலில் எல்லாம் தட்டையாக, வெளிறித் தெரியும். பாறை அடுக்குகளுக்கு நிறமும் நிழலும் ஆழமும் வருவது காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் அங்கே இருப்பதற்காகத்தானே அருகில் தங்குகிறோம். டிரெய்லர் வில்லேஜில் தங்கினால், உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு எழுந்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நடந்தே விளிம்பை அடையலாம். அல்லது பூங்காவின் இலவசப் பேருந்தில் ஏறலாம். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பேருந்து கிடைப்பது சாதாரண வசதியன்று. விளிம்பை ஒட்டி மேற்கே செல்லும் ஹெர்மிட் சாலை மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வண்டிகளுக்கு மூடப்பட்டிருக்கிறது. யாக்கி முனை என்ற காட்சியிடத்துக்கோ ஆண்டு முழுவதும் பேருந்தில்தான் போக வேண்டும். சொந்த வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் அதே பேருந்தில்தான் ஏறியாக வேண்டும் என்னும்போது, பேருந்து நிறுத்தத்தின் அருகில் தூங்குகிறவருக்கே அனுகூலம்.

வில்லியம்ஸில் தங்கி மோட்டார்ஹோமிலேயே வருகிறவரின் காலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருட்டில் கழிவுக் குழாயைக் கழற்றி, மின்கம்பியைச் சுருட்டி, அலமாரிக் கதவுகளைப் பூட்டி, தூங்கும் பிள்ளைகளை இருக்கையில் கட்டி உட்காரவைத்து, எல்க் மான்கள் குறுக்கே வரக்கூடிய 64ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வர வேண்டும். எல்க் நம் ஊர்ப் புள்ளிமான் போன்றதன்று. முழு வளர்ச்சியடைந்த ஆண் விலங்கு 300 கிலோவைத் தாண்டும். கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 8 முதல் 10 மைல் மட்டுமே கொடுக்கும் வண்டியில் போய்வர 120 மைல் (சுமார் 190 கிலோமீட்டர்) என்றால் நாளொன்றுக்கு 12 முதல் 15 கேலன் பெட்ரோல் ஆகும். வில்லியம்ஸில் தங்குவதால் வாடகையில் மிச்சப்படுத்துவதாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

இதே கணக்கு, டிரெய்லர் வகை வண்டியைப் பிக்கப்பில் இழுத்து வருகிறவர்களுக்கும், மோட்டார்ஹோமின் பின்னால் சிறு கார் ஒன்றைக் கட்டி இழுத்து வருகிறவர்களுக்கும் அப்படியே மாறிவிடுகிறது. வீட்டைத் திடலில் விட்டுவிட்டுக் காரில் கிளம்பலாம் என்றால் டூசயானின் 11 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை; வில்லியம்ஸின் 95 கிலோமீட்டரும் ஓரிரு நாட்களுக்குத் தாங்கக்கூடியதே. தனிக் கார் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இந்த மூன்று இடங்களில் எது சிறந்தது என்று ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக்கொள்வது வீண் பேச்சு.

வில்லியம்ஸுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு; அது ரயில். 1901 செப்டம்பரில் முதல் பயணிகள் ரயில் இந்தத் தடத்தில் விளிம்புக்கு வந்தது. சாலைப் பயணம் பெருகியதால் 1968இல் நின்றுபோன சேவை 1989இல் மீண்டும் தொடங்கியது. காலையில் வில்லியம்ஸில் புறப்பட்டு ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில், 1910இல் மரக்கட்டைகளால் கட்டப்பட்ட நிலையத்தில் இறக்கிவிடுகிறார்கள். வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம்; நுழைவாயிலில் கார்களின் வரிசையில் நிற்க வேண்டாம்; வழியில் குதிரையேறி வந்து ரயிலைக் 'கொள்ளையடிக்கும்' நாடகத்தைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். திடலும் நன்றாகவே பராமரிக்கப்படுகிறது. அருகிலுள்ள விடுதியின் உள்ளரங்க நீச்சல் குளத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நாயை அழைத்து வந்தவர்கள் பகலில் அதை விட்டுச்செல்ல ஒரு காப்பகமும் உண்டு. ஆனால் ரயிலில் போகிறவருக்கு விளிம்பில் கிடைப்பது நண்பகலை ஒட்டிய மூன்றரை, நான்கு மணி நேரம் மட்டுமே. பள்ளத்தாக்கு மிகவும் வெளிறித் தெரியும் அதே நேரம். ரயில் பயணத்துக்காகவே போகிறீர்கள் என்றால் மனநிறைவோடு திரும்புவீர்கள். பள்ளத்தாக்குக்காகப் போகிறீர்கள் என்றால் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

டூசயான் கேம்ப்பர் வில்லேஜ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்றின் குறையும் இதில் முழுமையாக இல்லை, நிறைவும் முழுமையாக இல்லை. உணவகங்கள், கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. கிராண்ட் கேன்யன் வில்லேஜில் பெட்ரோல் பங்க் இல்லை என்பதால் பூங்காவுக்குள் தங்குகிறவர்களும் டாங்கை இங்கேயே நிரப்பிக்கொண்டு உள்ளே போவது நல்லது. பருவ காலத்தில் டூசயானிலிருந்து பூங்காவுக்கு இலவசப் பேருந்து ஓடுகிறது. ஏறும்போது நுழைவுச் சீட்டு கையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து ஓடாத மாதங்களில் தனிக் கார் இல்லாதவர்களுக்கு இந்த இடம் வில்லியம்ஸைப் போலவே ஆகிவிடுகிறது, தூரம்தான் குறைவு. இங்கே முழு இணைப்புள்ள இடங்களோடு பகுதி இணைப்பு மட்டும் உள்ள இடங்களும் இருப்பதால், முன்பதிவின்போது எந்த வகை என்பதைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரின் விமான நிலையத்திலிருந்து சுற்றுலா ஹெலிகாப்டர்கள் கிளம்புவதால் பகலில் இரைச்சல் இருக்கும். பகலில் திடலில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிரெய்லர் வில்லேஜுக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. இடங்கள் நெருக்கமானவை; பக்கத்து வண்டிக்காரர் காபி போடும் வாசனை உங்கள் மேசைக்கு வரும். திடலுக்கென்று தனிக் குளியலறை கிடையாது. பக்கத்திலுள்ள, இணைப்புகள் இல்லாத மேத்தர் திடலருகே கட்டணக் குளியலறையும் சலவை இயந்திரமும் இருக்கின்றன. வண்டிக்குள்ளேயே குளிக்கலாம் என்றாலும், சிறிய வண்டிகளின் வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் 6 கேலன்தான். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் கடைசியில் குளிப்பவர் யார் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முன்பதிவும் கடினம். தெற்கு விளிம்பில் பூங்காவுக்குள் முழு இணைப்புள்ள ஒரே திடல் இதுதான் என்பதால் கோடை மாதங்களுக்கான இடங்கள் வெகு முன்பே தீர்ந்துவிடுகின்றன.

இவற்றைவிட முக்கியமான ஒரு குறை வெளியே தெரிவதில்லை. தெற்கு விளிம்பின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை. வடக்கு விளிம்புக்குக் கீழே இருக்கும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து, பள்ளத்தாக்குக்குள் இறங்கி, கொலராடோ ஆற்றைக் கடந்து, சுமார் 20 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைக் குழாய் வழியாகத்தான் அது வருகிறது. 1960களில் கட்டத் தொடங்கிய அந்தக் குழாய் தன் ஆயுளைக் கடந்துவிட்டது. 2010 முதல் 85க்கும் மேற்பட்ட பெரிய உடைப்புகளைச் சந்தித்திருக்கிறது. 2024 ஆகஸ்டு இறுதியில் அடுத்தடுத்து உடைந்தபோது, அமெரிக்கத் தொழிலாளர் தின (செப்டம்பர் முதல் திங்கள்) விடுமுறைக் கூட்டம் வரும் நேரத்தில், பூங்காவுக்குள் விடுதிகளோடு டிரெய்லர் வில்லேஜிலும் இரவுத் தங்கல் நிறுத்தப்பட்டது. மேத்தரில் குழாய்களை மூடிவிட்டு, தண்ணீரைத் தாங்களே கொண்டு வருகிறவர்கள் தங்க மட்டும் அனுமதித்தார்கள். டூசயானில் வழக்கம்போல எல்லாம் நடந்தன. 208 மில்லியன் டாலர் செலவில் குழாயை மாற்றும் பணி 2023இல் தொடங்கி நடந்துவருகிறது. அது முடியும் வரை, பூங்காவுக்குள் முன்பதிவு செய்தவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும் முதல் நாளும் பூங்காவின் அறிவிப்புகளைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. முழு இணைப்பு இருந்தாலும் உள்தொட்டியை நிரப்பிக்கொண்டே உள்ளே போங்கள்.

அந்த உடைப்பின்போது இணைப்புள்ள திடல் மூடப்பட்டு, இணைப்பில்லாத திடல் திறந்திருந்தது என்பது என்னை யோசிக்க வைத்தது. மேத்தர் திடலில் மின்சாரமும் இல்லை, கழிவு இணைப்பும் இல்லை. 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு இடமில்லை. ஜெனரேட்டரை ஓட்டவும் நேரக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் டிரெய்லர் வில்லேஜுக்குப் பக்கத்திலேயே, அதே பேருந்துத் தடத்தில், பைன் மரங்களுக்கு நடுவே தாராளமான இடைவெளியோடு இடங்கள் அமைந்திருக்கின்றன. கிளம்பும்போது கழிவைக் கொட்டத் தனி இடமும் உண்டு. 25 அடி வாடகை வண்டியில், காலியான கழிவுத் தொட்டிகளோடும் நிறைந்த தண்ணீரோடும் உள்ளே போகும் நான்கு பேர், பாத்திரம் கழுவுவதில் கொஞ்சம் சிக்கனமாக இருந்தால் இரண்டு இரவுகளைத் தாராளமாக ஓட்டிவிடலாம்.

ஆகவே என் வரிசை இப்படி: தனிக் கார் இல்லாத 30 அடிக்கு உட்பட்ட வண்டி, இரண்டே இரவு என்றால் முதலில் மேத்தர், அது கிடைக்காவிட்டால் டிரெய்லர் வில்லேஜ். மூன்று இரவுகளுக்கு மேல், அல்லது பெரிய வண்டி, அல்லது கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ உடன் வருகிறார்கள் என்றால் டிரெய்லர் வில்லேஜ்தான். இரவு முழுவதும் ஹீட்டர் ஓடுவதற்காக அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம். தனிக் கார் இருந்தால் டூசயானில் கிடைக்கும் இடத்தை யோசிக்காமல் பதிவு செய்துகொள்ளுங்கள். வில்லியம்ஸ், ரயிலில் ஏறும் எண்ணமுள்ளவர்களுக்கும், இன்டர்ஸ்டேட் 40 வழியாகப் போகும்போது ஒரே ஒரு நாள் மட்டும் எட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கும்.