பதினோரு வருடம் மைக்ரோவேவில் சமைத்ததில் தெரிந்துகொண்டது

எங்கள் வீட்டு மைக்ரோவேவில் முதல் இரண்டு வருடம் நான் தொட்டது ஒரே பொத்தானைத்தான். ஒரு தடவை அமுக்கினால் 30 விநாடி, இரண்டு தடவை அமுக்கினால் ஒரு நிமிடம். எப்போதும் முழு சக்தி. மூடி போடுவதில்லை, இடையில் கிளறுவதும் இல்லை. உணவு ஓரத்தில் கொதிக்கும், நடுவில் சில்லென்று இருக்கும். ரொட்டி தோல் மாதிரி ஆகிவிடும். மைக்ரோவேவ் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் ஃபிரிட்ஜில் இருந்த கோழிக்கறியை இப்படிச் சூடாக்கிச் சாப்பிட்டேன். இரவு முழுக்க வயிறு சரியில்லை. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கி, அதே அளவு உணவை அதே நேரம் வைத்து அளந்து பார்த்தேன். ஓரத்தில் 88 டிகிரி செல்சியஸ், நடுவில் 31. ஒரே தட்டில், நான்கு விரல் இடைவெளியில்! மீதமான உணவைத் திரும்பச் சூடாக்கினால் எல்லா இடமும் 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு. 31 டிகிரி என்பதோ கிருமிகள் பெருகுவதற்கு வசதியான சூடு. அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டது முழுக்க, இந்தச் சமமில்லாத சூட்டை எப்படிச் சரிசெய்வது என்பதைப் பற்றித்தான்.

ஏன் சமமாகச் சூடாவதில்லை? வீட்டு மைக்ரோவேவ்கள் ஏறத்தாழ 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அலைகளால் வேலை செய்கின்றன. அந்த அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். உலோகச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் அடங்கியும் போகின்றன. இதைக் கண்ணால் பார்க்க முடியும். சுழல்தட்டைச் சுற்றவைக்கும் வளையத்தை எடுத்துவிட்டு, அசையாத ஒரு தட்டில் சாக்லேட் பாளத்தை வைத்து 20 விநாடி ஓட்டினேன். ஆங்காங்கே திட்டுத் திட்டாக உருகி, நடுவில் கெட்டியாகவே இருந்தது. தட்டு சுற்றுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் தட்டு சுற்றும்போதும் அதன் மையம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதனால் எதையும் நான் நடுவில் குவிப்பதில்லை. வளையம் மாதிரி ஓரமாகப் பரப்பி, நடுவைக் காலியாக விடுகிறேன். சோறு, காய், உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

மைக்ரோவேவ் உள்ளிருந்து வெளியே வேகவைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அலைகள் உணவின் மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர்தான் உள்ளே போகும். அதைத் தாண்டியிருக்கும் பகுதிக்குச் சூடு மெதுவாகக் கடந்துதான் போயாக வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு: சக்தியைக் குறைப்பது, ஓடி முடிந்ததும் மூடியோடு இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டுவைப்பது. எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த இரண்டாவதுதான். தட்டை வெளியே எடுத்தவுடன் நடுவில் 65 டிகிரி காட்டும் கறி, மூடி வைத்த மூன்றாவது நிமிடம் 75ஐத் தாண்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவசரத்தில் இந்த மூன்று நிமிடத்தைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

சக்தியைக் குறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். என் முதல் கருவியில் 50 சதவீதம் என்று வைத்தால் அது பாதிப் பலத்தில் ஓடாது. கொஞ்ச நேரம் முழுப் பலத்தில் ஓடி, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி ஓடும். காதை வைத்துக் கேட்டால் முனகல் வந்து வந்து நிற்பது தெரியும். இப்போதிருப்பது இன்வெர்ட்டர் வகை. குறைந்த பலத்திலேயே தொடர்ச்சியாக ஓடுகிறது. வெண்ணெய் உருக்குவது, சாக்லேட், முட்டை, பால் இவற்றில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. மற்றவற்றில் பெரிதாக இல்லை.

சமையல் குறிப்புகளில் வரும் நேரம் உங்கள் வீட்டில் ஒத்துவராததற்கு முக்கியமான காரணம் வாட் அளவு. வீட்டிலேயே அளக்கலாம். மைக்ரோவேவுக்கு ஏற்ற பாத்திரத்தில் சரியாக ஒரு லிட்டர் குளிர்ந்த நீர் எடுத்து, சூட்டை அளந்துகொண்டு, முழு சக்தியில் ஒரு நிமிடம் வையுங்கள். கலக்கிவிட்டு மறுபடி அளந்தால், ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 70 வாட். என் பழைய கருவியில் 900 என்று எழுதியிருந்தது. 11 டிகிரி ஏறியது, அதாவது 770 வாட்தான். ஏழாவது வருடம் எல்லாமே தாமதமாக வேகிற மாதிரி தோன்றி மறுபடி அளந்தபோது 8 டிகிரி. அப்போதுதான் மாற்றினேன். அந்தச் சோதனை இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடமாவது அரைவேக்காட்டு உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

இனி உணவுகள். காய்கறிக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். கால் கிலோ பீன்ஸ் அல்லது காலிஃபிளவர், இரண்டு மூன்று கரண்டி நீர், ஆவி போக வழிவிட்ட மூடி, நான்கு நிமிடம், நடுவில் ஒரு கிளறல். நிறம் போகாமல் வேகும். நிறைய நீரில் கொதிக்கவைத்து வடிக்கும்போது அந்த நீரோடு போகும் வைட்டமின் சி இதில் பெருமளவு தங்குகிறது. கேரட் துண்டுகளில் மட்டும் சில நேரம் சின்னப் பொறி பறக்கும். முதல் தடவை பயந்துபோய்க் கருவியையே அணைத்துவிட்டேன். காயிலுள்ள தாதுக்களும் கூர்மையான ஓரங்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. கொஞ்சம் நீர் சேர்த்து மூழ்கும்படி வைத்தால் நின்றுவிடுகிறது.

உருளைக்கிழங்கைத் தோலோடு வைப்பதானால் முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சேரும் ஆவி தோலைக் கிழித்துக்கொண்டு வெடிக்கும். நடுத்தர அளவில் ஒன்றுக்கு ஐந்து நிமிடம், இரண்டுக்கு எட்டு ஒன்பது நிமிடம். அளவு கூடினால் நேரமும் கூடும், ஏனென்றால் கருவி தரும் சக்தி அதேதான். நான்கு பேருக்கு மேல் சமைப்பதென்றால் அடுப்பே வேகம்.

சோறு வடிவாக வரும், ஆனால் நேரம் மிச்சமாகும் என்று நினைத்து ஆரம்பிக்க வேண்டாம். ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் நீர், பொங்கி வழியாத பெரிய பாத்திரம், முழு சக்தியில் ஐந்து நிமிடம், பாதி சக்தியில் பன்னிரண்டு நிமிடம், அப்புறம் மூடியபடி பத்து நிமிடம். மொத்தக் கணக்கு அடுப்போடு சமம்தான். பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்பது மட்டும்தான் லாபம்.

மீதமான சோறு விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை கொதிநிலையிலும் சாவதில்லை. சமைத்த சோறு வெளியில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சைச் சமையல் சூட்டால் அழிக்க முடியாது. ஆக, மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கிவிட்டோம் என்ற தைரியம் இங்கே உதவாது. சமைத்த சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். இரவெல்லாம் மேசையில் கிடந்த சோற்றைக் கொட்டிவிடுகிறேன், மனம் கேட்காவிட்டாலும். சூடாக்கும்போது ஒரு கரண்டி நீர் தெளித்து மூடினால் புதுச்சோறு மாதிரியே இருக்கும்.

முட்டையை ஓட்டோடு ஒருபோதும் வைக்காதீர்கள். உரித்த அவித்த முட்டையும் அதே அளவு ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் போது அமைதியாக இருந்துவிட்டு, எடுத்துக் கடிக்கும்போது வெடிக்கலாம். வாயும் முகமும் வெந்துபோகும். நறுக்கி, குறைந்த சக்தியில் சூடாக்குங்கள். பொரித்த மாதிரி செய்வதானாலும் மஞ்சள் கருவைக் குச்சியால் குத்திவிட்டுத்தான் வைக்க வேண்டும். அதே மாதிரி வெறும் நீர். வழவழப்பான கண்ணாடிக் குவளையில் வைத்தால், குமிழி வர ஒரு பிடிமானம் இல்லாமல் நீர் கொதிநிலையைத் தாண்டியும் அசையாமல் இருக்கும். காபித்தூளைப் போட்டதும் மொத்தமாகப் பொங்கிக் கையில் அடிக்கும். ஒரு மரக்குச்சியை உள்ளே போட்டு வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. குழந்தையின் பால் புட்டியை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. புட்டி வெளியே வெதுவெதுப்பாக இருக்க, உள்ளே ஒரு இடத்தில் மட்டும் பால் கொதித்துக் கிடக்கலாம். வெந்நீரில் புட்டியை நிற்கவைத்தால் போதும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த இறைச்சியில் ஒரு தனித் தொல்லை. பனிக்கட்டி இந்த அலைகளை மிகக் குறைவாகத்தான் உள்வாங்கும், உருகிய நீர் நன்றாக உள்வாங்கும். முதலில் உருகிய ஓரம் மேலும் மேலும் சூடாகி வெந்துவிட, நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். 30 சதவீத சக்தியில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப்போட்டு, பிரியும் துண்டுகளை உடனே எடுத்துவிடுகிறேன். அப்படி இளகவைத்த இறைச்சியை அடுத்த நிமிடமே சமைத்துவிட வேண்டும். திரும்ப ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. பச்சைக் கோழியை மைக்ரோவேவிலேயே முழுக்க வேகவைப்பதை நான் விட்டுவிட்டேன். எலும்பை ஒட்டிய இடத்தில் 74 டிகிரி வருவதற்குள் மற்ற இடம் நாராகிவிடுகிறது.

பாத்திரங்களில் இப்போது கண்ணாடியும் பீங்கானும் மட்டும்தான். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவும், எண்ணெய் அதிகமுள்ள உணவை வைத்தபோது உள்பக்கம் கொப்புளம் மாதிரி கிளம்பியது. நீர் 100 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும், எண்ணெய் நிற்காது. மெலமைன் தட்டு ஆகாது, தங்கக்கோடு போட்ட கோப்பையும் ஆகாது. சந்தேகமான பீங்கானை, அதில் உலோகக் கோடு எதுவும் இல்லையென்றால், ஒரு குவளை நீரின் பக்கத்தில் காலியாக வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் பயன்படுத்தலாம், பாத்திரம் சுட்டால் வேண்டாம். குவளை நீர் இல்லாமல் செய்யாதீர்கள். காலியாக ஓட்டுவது, அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற பாகத்துக்குக் கேடு.

நான்காவது வருடம் உள்ளே பக்கவாட்டில் இருக்கும் அட்டை போன்ற தகடு கருகிப் பொறி பறந்தது. அது மைக்கா தகடு, அலை உள்ளே வரும் வாயை மூடியிருப்பது. அதில் தெறித்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் விட்டதுதான் காரணம். புதுத் தகடு வாங்கி அளவுக்கு வெட்டிப் போட்டதும் சரியானது. இப்போது வாரம் ஒருமுறை எலுமிச்சைத் துண்டு போட்ட நீரை மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, மரக்குச்சி அதிலும் உண்டு, ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டுத் துடைக்கிறேன். தகடு வரைக்கும்தான் என் வேலை. வெளி உறையைக் கழற்றும் எந்தப் பழுதையும் நானே பார்ப்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

கதிர்வீச்சுப் பயம் பற்றிக் கேட்பவர்களுக்கு: கருவியிலிருந்து கசியும் அலைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வரம்பு, கருவியின் பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். தள்ளிப்போகப் போக அது வேகமாகக் குறையும். கதவு கோணிப்போனாலோ சரியாக மூடாவிட்டாலோ மட்டும் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியபடியே விட்டால் காற்றில்லாமல் அடங்கிவிடும்.

ரொட்டியை மட்டும் இன்றுவரை திருப்தியாகச் செய்ய முடியவில்லை. ஈரத்துணியில் சுற்றி 15 விநாடி வைத்தால் மெத்தென்று வரும், ஆனால் உடனே சாப்பிட்டாக வேண்டும். இரண்டு நிமிடம் தாண்டினால் பழையபடி தோல்தான். புதிதாக வாங்குகிறவர்கள், வீட்டில் அதிகம் புழங்கும் பெரிய சதுரப் பாத்திரத்தை மூலைக்கு மூலை அளந்துகொண்டு போங்கள். என் முதல் கருவியில் அது சுவரில் இடித்து நின்றுவிடும். சுற்றாத தட்டில் சூடான உணவு எப்படி இருக்கும் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.