சூரிய வீடு திட்டமும் இருவழி மீட்டரும்: யாருக்கு லாபம்?

ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதமரின் சூரிய வீடு’ இலவச மின்சாரத் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் ஒரு தனி வீட்டின் மாடியில் 3 கிலோவாட் சூரிய மின்தகடு அமைப்பைப் பொருத்திப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். திட்டம் நல்ல திட்டம்தான். மானியமும் சொன்னபடி வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்கிறது. ஆனால் ‘இலவச மின்சாரம்’ என்ற பெயரை மட்டும் பார்த்து இறங்குவது சரியல்ல. கையில் பழைய மின்கட்டண விவரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அதே 78,000 ரூபாய்தான். விலைப்புள்ளி தந்த நிறுவனங்களுள் ஒன்று, எங்கள் பயன்பாட்டைக் கேட்காமலேயே 5 கிலோவாட் போடும்படி வற்புறுத்தியது. கூடுதல் 2 கிலோவாட்டுக்கு மானியம் கிடையாது என்பதை நாமாகக் கேட்டால் ஒழியச் சொல்லவில்லை. உள்நாட்டில் தயாரான தகடுகளுக்கு மட்டுமே மானியம் உண்டு. இறக்குமதித் தகடுகளைக் காட்டிலும் அவற்றின் விலை கூடுதல் என்பதால், மானியத்தில் ஒரு பகுதி அந்த வித்தியாசத்திலேயே கரைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் லாப நட்டத்தை முடிவு செய்வது மானியத்தைவிட மின்கட்டண அடுக்குதான். இங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அடுத்த 100 யூனிட்டின் விலையும் இரண்டரை ரூபாய்க்குக் குறைவு. ஆகவே இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் குடும்பம் கட்டுவதே 700 ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். ஒரு லட்சத்துக்கு மேல் பிடிக்கும் இந்த முதலீடே அந்த வீட்டுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. 500 யூனிட்டைத் தாண்டினால் கதை மாறிவிடுகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65 ரூபாய், அதோடு, தொடக்க அடுக்கில் கிடைத்த சலுகை விலையும் கைநழுவுகிறது. 800 யூனிட் ஓடும் வீட்டின் கட்டணம் 5,000 ரூபாயை நெருங்குகிறது. 3 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 700 யூனிட் தரும். விலை அதிக அடுக்குகளே முதலில் கழிவதால், இத்தகைய வீட்டில் போட்ட பணம் சுமார் ஐந்தாண்டுகளில் திரும்பிவிடும்.

வாங்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் தனித்தனியே பதியும் இருவழி மீட்டரைப் பொருத்திய பிறகு பலரும் பதறுவது ஒரே இடத்தில்தான். தகடுகள் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் அன்றைய உற்பத்தி 12 யூனிட் என்றிருக்கும். மீட்டரிலோ ஏற்றுமதி 7 யூனிட் மட்டுமே கூடியிருக்கும். மீதி 5 யூனிட் எங்கும் தொலையவில்லை. பகலில் வீட்டிலேயே ஓடிய குளிர்சாதனப் பெட்டி, மோட்டார், மின்விசிறி ஆகியவை அதை நேரடியாக எடுத்துக்கொண்டன. மீட்டரைக் கடந்து மின்வாரியத்தின் கம்பத்துக்குப் போனது மட்டுமே ஏற்றுமதியாகப் பதிவாகும். இரவில் கம்பத்திலிருந்து வாங்குவது தனி எண்ணாக ஏறிக்கொண்டிருக்கும். கணக்கெடுப்பின்போது வாங்கியதிலிருந்து ஏற்றுமதியைக் கழிக்கிறார்கள். பகலில் ஆளில்லாத வீட்டுக்கு இந்த ஏற்பாடுதான் உயிர்நாடி. பேட்டரிச் செலவு இல்லாமல் கம்பமே சேமிப்புக் கிடங்காகிவிடுகிறது.

விற்பனையாளர்கள் பெரும்பாலும் வாய்திறக்காத செய்தி ஒன்று உண்டு. மின்தடை ஏற்பட்டால், உச்சிவெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், இந்த அமைப்பு நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மீது மின்சாரம் பாயாதிருக்கச் செய்யப்பட்ட பாதுகாப்பு அது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் தடைநேரத்தில் விளக்கு எரியவேண்டும் என்பவர் பேட்டரியோடு கூடிய கலப்பு இன்வெர்ட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் விலையும் கூடுதல்.

மாடி வேலையை நின்று பார்த்துச் செய்வது நல்லது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். எங்கள் வீட்டில் பணியாட்கள் முதலில் குறித்த இடத்தில் மூன்று மணிக்கெல்லாம் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தது. தகடுகள் ஒரே வரிசையாகக் கோக்கப்படுவதால், அந்த ஒரு மூலை வரிசை முழுவதையும் பாதிக்கக்கூடும் என்று சொல்லி இடம் மாற்றினோம். தளத்தில் துளையிட்டால் மழைக்காலத்தில் ஒழுகும் அபாயம் இருப்பதால், கான்கிரீட் கட்டைகள் மேல் சட்டத்தை நிறுத்தக் கேளுங்கள். சித்திரை வெயிலில்தான் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்ற எண்ணமும் முழுவதும் சரியல்ல; தகடு சூடேற ஏற அதன் திறன் குறைகிறது, ஆகையால் மாசி, பங்குனியின் தெளிந்த வானமே அதிகம் தருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எண்ணிக்கை சரிவதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை.

விண்ணப்பம் இணையத்திலேயே முடிகிறது. 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலேயே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். இது பாராட்டத்தக்க மாற்றம். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். மானியம் இணைப்புதாரருக்கே என்பதால், பெயர் மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். பொதுத்துறை வங்கிகள் பிணை கேட்காமல் குறைந்த வட்டிக்குக் கடனும் தருகின்றன.

அடுக்குமாடி வாசிகளுக்கு இத்திட்டம் பாதி வழிதான் வருகிறது. சங்கத்தின் பெயரில் லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு ஆகியவற்றுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மொட்டைமாடியில் தனிப் பங்கு இல்லாத ஒருவர் தம் வீட்டுக் கட்டணத்தைக் குறைக்க நினைத்தால் மற்ற எல்லாருடைய சம்மதமும் வேண்டியிருக்கும். தனி வீட்டுக்காரர்கள் ஒப்பந்தத்தில் ஐந்தாண்டுப் பராமரிப்பு எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு தகட்டின் வரிசை எண்ணையும் குறித்துவைத்துக்கொண்டு, அதன் பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.