உயிலைப் புரிந்துகொள்ள எந்த ஏஐ? மூன்று வகையையும் ஒரே கேள்வி கேட்டுப் பார்த்தேன்

உயில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று என்றால் அதோடு அதை மறந்துவிடுகிறோம். நானும் ஆறு வருடம் தொடவே இல்லை. போன மாதம் எடுத்துப் படித்தபோது, நான் சொல்லச் சொல்ல எழுதியதே எனக்குப் பாதி புரியவில்லை. வக்கீலிடம் போகும் முன் என்ன கேட்பது என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று மூன்று வகை ஏஐ-யிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று பொதுவான சாட்பாட். இரண்டாவது நோட்புக்எல்எம், அதாவது நாம் ஏற்றும் ஆவணத்தை வைத்தே பதில் சொல்வது. மூன்றாவது, ஒல்லாமா என்ற மென்பொருள் மூலம் என் கணினிக்குள்ளேயே ஓடும் சிறிய மாடல்.

"என் உயில் சரியாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், பொத்தாம்பொதுவாக நாலு நல்ல வார்த்தைதான் வரும். ஒரு வரியைக் காட்டி "இப்படி நடந்தால் யாருக்குப் போகும்?" என்று கேட்க வேண்டும். நான் காட்டிய வரி இது: "என் வீட்டை என் தம்பிக்கும் தங்கைக்கும் சமபங்காக எழுதி வைக்கிறேன்." தம்பி எனக்கு முன்னால் போய்விட்டால் அவன் பங்கு என்ன ஆகும்?

சாட்பாட் தயங்கவே இல்லை. வீடு முழுவதும் தங்கைக்கு என்றது, காரணமும் அழகாகச் சொன்னது. ஆனால் அது தப்பு. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 106-இன்படி இருவருக்கும் கூட்டாகக் கொடுத்திருந்தால்தான் மிஞ்சியவருக்கு முழுவதும் போகும். 'சமபங்காக' என்று பிரித்துச் சொல்லிவிட்டால் பிரிவு 107 வருகிறது, தங்கைக்கு அவள் பாதி மட்டும்தான், தம்பியின் பாதி, உயிலில் தனியாக யாருக்கும் எழுதாத மீதிச் சொத்தோடு சேர்ந்துவிடும். ஒரே ஒரு சொல், அரை வீட்டையே இடம் மாற்றுகிறது! எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லி, 'சமபங்காக' என்ற சொல்லைச் சுட்டிக்காட்டி மறுபடி கேட்டதும் சாட்பாட் சரியாகவே விளக்கியது.

நாட்டைச் சொல்லாமல் கேட்பதுதான் பெரிய ஆபத்து. இங்கிலாந்தின் 1837-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடன் இருக்க வேண்டும், பின்னால் திருமணம் செய்துகொண்டால் பொதுவாகப் பழைய உயில் செல்லாமல் போகும். இந்தியாவிலும் இரண்டு சாட்சிகள் வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, இந்து எழுதிய உயில் திருமணத்தால் ரத்தாவதும் இல்லை. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். இதையெல்லாம் கலந்துகட்டிச் சொன்னால் படிக்கிற நமக்குத் தெரியவே தெரியாது.

நோட்புக்எல்எம்மின் குணமே வேறு. அதே கேள்விக்கு, "இதுபற்றி ஆவணத்தில் எதுவும் இல்லை" என்கிற மாதிரி சொல்லி, தொடர்புள்ள வரியை எடுத்துக் காட்டியது. முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம்தான் அதன் அருமை புரிந்தது. உயிலில் உள்ள ஓட்டையைச் சாட்பாட் சட்ட அறிவால் பூசி மறைக்கிறது, இது ஓட்டையை ஓட்டையாகவே காட்டுகிறது. அடுத்து, "பெயர் குறிப்பிடாத மீதிச் சொத்து யாருக்கு?" என்று கேட்டேன். அப்படியொரு வரியே இல்லை என்றது. பத்துப் பக்கத்தையும் நானே தேடினேன், உண்மையிலேயே இல்லை. அப்படியென்றால் தம்பியின் அரை வீடு, உயிலே எழுதாதவர் சொத்து மாதிரி சட்டப்படியான வாரிசுகளுக்குப் போயிருக்கும். ஆறு வருடமாக எனக்கு இது தெரியாது.

கணினிக்குள் ஓடும் மாடல் அறிவில் பின்தங்கியதுதான். என் மடிக்கணினியில் மெதுவாக ஓடியது, பத்திரத் தமிழில் தடுமாறியது. ஆனாலும் இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கேட்கலாம், எதுவும் வெளியே போகாது. உயிலில் வங்கிக் கணக்கு மட்டுமா இருக்கிறது, யாருக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதும் இருக்கிறதே. வக்கீலிடம் பேசுவதற்குச் சட்டம் தரும் ரகசியப் பாதுகாப்பு சாட்ஜிபிடி உரையாடலுக்கு இல்லை என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் சொன்னார்.

அதனால் இணையக் கருவி எதற்குக் கொடுத்தாலும் பெயர், கதவு எண், கணக்கு எண் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். உறவுமுறையை மட்டும் அழிக்காதீர்கள். 'நபர் 1' என்று போட்டால் பதிலே மாறிவிடும். தம்பிக்குப் பதில் மகன் என்று இருந்து, அவன் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிருந்தால் பிரிவு 109-இன்படி அவன் பங்கு வீணாகாது. தம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் கணக்கில் முதலிடம் நோட்புக்எல்எம்முக்குத்தான். அது காட்டும் ஓட்டைகளை வைத்துக்கொண்டு சாட்பாட்டிடம் விளக்கம் கேட்கலாம், ஆனால் சாட்பாட் மேற்கோள் காட்டும் நீதிமன்றத் தீர்ப்புகளை அப்படியே நம்ப வேண்டாம். சாட்ஜிபிடி உருவாக்கிய இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் காட்டியதற்காக 2023-இல் நியூயார்க்கில் வக்கீல்களுக்கே 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

கடைசியில் வக்கீலிடம் இரண்டே கேள்விகளோடு போனேன்: தம்பிக்குப் பின் யார், மீதிச் சொத்து யாருக்கு. பழைய தாளில் அடித்துத் திருத்தக் கூடாது என்று சொல்லி, புதிதாகவே எழுதி இரண்டு சாட்சிகளை வைத்துக் கையெழுத்து வாங்கினார்.