பெரிய வயலின்தானே என்று நினைத்துச் செல்லோ வாடகைக்கு எடுத்தேன்

கோலாலம்பூரில் பிள்ளைக்குச் செல்லோ வாடகைக்குத் தேடுகிறவர்களுக்காக இது. கடை ஜாலான் ஈப்போ பக்கம், மாடியில். பெயர் போடவில்லை, ஏன் என்பது போகப்போகப் புரியும்.

மகளுக்கு வயது 11. பெட்ரோனாஸ் கோபுரத்தில் இருக்கும் பில்ஹார்மோனிக் அரங்கில் ஒரு கச்சேரி கேட்டதிலிருந்து செல்லோதான் வேண்டும் என்று பிடிவாதம். நான் சின்ன வயதில் கோயில் வகுப்பில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி ஆறு வருடம் வாசித்தவன், அதனால் செல்லோ என்ன, பெரிய வயலின்தானே, நானே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்ற தெம்பில் போனேன்.

கடையில் இருந்த தம்பி அந்தத் தெம்பைப் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டார். "அண்ணே, நீங்களே வாசிச்சுப் பாருங்க" என்று முழு அளவு செல்லோவைக் கொடுத்தார். மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை ஆரம்பித்தேன். ரி-யில் ஆள்காட்டி விரலை வைத்தால் கா-வுக்கே கை விரிகிறது, மா-வுக்குப் போவதற்குள் சுண்டுவிரல் இழுத்துக்கொண்டது. வயலினில் அதிரும் தந்தி 33 சென்டிமீட்டர்தான், செல்லோவில் கிட்டத்தட்ட 70. அதனால் வயலினில் அடுத்தடுத்த விரல்கள் முழு ஸ்வரம் தள்ளி விழும் இடத்தில், செல்லோவில் அரை ஸ்வரத்துக்குத்தான் எட்டும், கை ஓயாமல் மேலும் கீழும் ஓட வேண்டும். இன்னும் மேலே போனால் கட்டைவிரலையே தந்திமேல் ஏற்றிவிடுகிறார்கள்!

அப்போ வயலினை விடக் கொஞ்சம் பெரிய வயோலா எடுக்கலாமா என்று கேட்டேன். வயலினின் ஈ தந்தியை எடுத்துவிட்டு அடியில் சி சேர்த்தால் வயோலா, அதே சி, ஜி, டி, ஏ ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் செல்லோ என்று சொல்லி, இரண்டிலும் சி தந்தியை இழுத்துக் காட்டினார். மகள் வயோலா பக்கம் திரும்பவே இல்லை. மூலையில் நின்ற, செல்லோவையும் விடப் பெரிய டபுள் பேஸைப் பற்றியும் சொன்னார்: அதன் தந்திகள் மற்ற மூன்றையும் போல ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் இல்லை, நான்காம் ஸ்வர இடைவெளியில், அவ்வளவு நீளத் தந்தியில் விரல் எட்ட வேண்டுமே.

அளவு பார்த்ததும் பொறுமையாகத்தான். உட்கார வைத்து, சி தந்தியை முறுக்கும் பிருடை இடது காதுக்குப் பின்னால் வருகிறதா, முழங்கால் பக்கவாட்டில் சரியாகத் தொடுகிறதா என்று பார்த்து முக்கால் அளவு கொடுத்தார். மாதம் 110 வெள்ளி, முன்பணம் 300. இதுவரை ஐந்துக்கு ஐந்து.

வீட்டுக்கு வந்து மைவி காரின் பின்சீட்டிலிருந்து இறக்கிய பிறகுதான் வினை. வில்லில் எவ்வளவு ரோசின் பிசின் தடவினாலும் தடித்த தந்தியில் சத்தம் எழும்பவே இல்லை, கீச்சுக்கீச்சென்று வழுக்கியது. நான் பிள்ளையைத் திட்டினேன், பாவம். முதல் வகுப்பிலேயே டீச்சர் கண்டுபிடித்துவிட்டார், பெட்டியில் இருந்தது வயலின் வில்! செல்லோ வில் நீளத்தில் கொஞ்சம் குறைவு, ஆனால் தடிமன், எடை சுமார் 80 கிராம். வயலின் வில் 60 கிராம்தான். வயலின் வாசித்தவன் என்று பீற்றிக்கொண்ட எனக்கே தெரியாமல் போனது வெட்கம்தான், ஆனால் பெட்டியைக் கட்டிக் கொடுத்தது கடை. மாற்றித் தர 12 நாள் ஆனது, ஒரு மன்னிப்பு கூட இல்லை, வாடகையிலும் கழிக்கவில்லை. அந்தத் தம்பி அன்று லீவாம்.

இன்னொன்று, அடியில் இருக்கும் இரும்பு ஊசியின் ரப்பர் தேய்ந்திருந்தது. நம் வீடுகளில் எல்லாம் டைல்ஸ் தரை, வாசிக்க வாசிக்கச் செல்லோ வழுக்கி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. வயலினுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அளவு பார்க்க, வாசித்துப் பார்க்கத் தாராளமாக இந்தக் கடைக்குப் போங்கள். பணம் கட்டுவதற்கு முன் பெட்டியைத் திறந்து வில், ஊசி, நாலு பிருடை எல்லாவற்றையும் பாருங்கள். புது ரப்பர் கேட்டு மூன்று வாரமாகிறது. என் பழைய பெல்ட்டை நாற்காலிக் காலில் மாட்டி, அதன் ஓட்டையில் ஊசியைச் செருகித்தான் மகள் வாசிக்கிறாள்.